அம்பாசடருக்கு இன்ஜெக்ஷன் போட்ட பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிடிக்கும் வழி

1489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்ஷன் பொருத்தி முடித்து, முதல் தடவை ஸ்டார்ட் செய்தும் பார்த்து, அப்புறம் ஏதோ சரியில்லாமல் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பாகத்தை எங்கே வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்பதெல்லாம் இதில் இல்லை. பொருத்திய பிறகு வண்டி காட்டும் குறிகளும், ஒவ்வொரு குறிக்கும் எதை முதலில் தொட வேண்டும் என்பதும்தான் இருக்கிறது.

என் வண்டி மார்க் 4. பழைய எஸ்யு கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் லேத்தில் கடைந்த அலுமினியத் துண்டு ஒன்று, அதில் இரண்டு இன்ஜெக்டர், அதற்கு முன்னால் ஒரு சின்ன எம்பிஎஃப்ஐ (கம்பெனியிலேயே இன்ஜெக்ஷனோடு வந்த) காரின் த்ராட்டில் பாடி, அதாவது ஆக்ஸிலேட்டர் மிதித்தால் காற்றுக்கு வழி திறக்கும் பாகம். டேங்க்குப் பக்கத்தில் பம்ப், பெட்ரோல் அழுத்தத்தை நிலையாக வைக்கும் 3 பார் ரெகுலேட்டர், டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன். கிராங்க் புல்லியில், இன்ஜின் சுற்றும் நிலையைச் சென்சாருக்குக் காட்ட, 36 பல்லில் ஒரு பல் விட்ட சக்கரம், டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் பதிலாக இரட்டைக் காயில் (ஸ்பார்க் தரும் கம்பிச்சுருள்), ஸ்பீடுயினோ இசியு (பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் நடத்தும் கணினிப் பெட்டி), எக்ஸாஸ்ட்டில் கலவையை அளக்கும் ஒரு வைட்பேண்ட் சென்சார். உங்கள் அமைப்பு கொஞ்சம் வேறாக இருந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பாலானவை பொருந்தும். அம்பாசடரின் இந்த இன்ஜின் பிஎம்சி பி சீரிஸ் குடும்பம் என்பதால், பழைய மோரிஸ், எம்ஜி வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: மேப்பைத் தொடாதீர்கள். எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று இசியுவுக்குச் சொல்லும் எண் அட்டவணைதான் மேப். கார்புரேட்டரில் கலவை சரியில்லை என்றால் ஊசியையோ ஜெட்டையோ கழற்றத்தான் வேண்டும். கழற்றும்போதே அழுக்கும் தேய்மானமும் கண்ணில் படும். இன்ஜெக்ஷனில் லேப்டாப்பைத் திறந்து நான்கு கட்டத்தில் எண்ணைக் கூட்டினால் வண்டி அந்த நேரத்துக்கு ஓடிவிடுகிறது. உண்மையான கோளாறு ஓட்டை விழுந்த ஹோஸாக இருந்தால் அது அப்படியே இருக்கும், அதோடு தப்பான மேப்பும் சேர்ந்துகொள்ளும். பிறகு ஒருநாள் ஹோஸை மாற்றினால் வண்டி கரும்புகை தள்ளும், எதனால் என்றே புரியாது. நான் பார்த்த வரையில் இப்படி மாற்றிய வண்டிகளில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி மின்சாரம், பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு இந்த மூன்றில்தான் இருக்கிறது. மூன்றும் சரி என்று அளந்து தெரிந்த பிறகுதான் மேப்.

முதலில் நோட்டில் எழுத வேண்டிய எண்கள்

காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, கீயை மட்டும் போட்டு லேப்டாப்பில் பாருங்கள். தண்ணீர் வெப்பமும் காற்று வெப்பமும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும், ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. ஷெட்டில் 27 டிகிரி என்றால் இரண்டும் 27-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று 27, இன்னொன்று 41 என்றால் சென்சாரோ, அதன் அளவீட்டு அட்டவணையோ தப்பு.

மேப் சென்சார் (பெயர் ஒன்றானாலும் மேலே சொன்ன அட்டவணை இல்லை, இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது) அப்போது ஊரின் காற்றழுத்தத்தைக் காட்டும். சென்னையில் 100, 101 கிலோபாஸ்கல். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் 96, 97. ஊட்டியில் 77 அளவு. கோவையில் நின்றுகொண்டு 88 காட்டினால் அந்தச் சென்சாரை நம்பி எதையும் செய்ய முடியாது.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது 9.5-க்குக் கீழே போகக் கூடாது. ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது த்ராட்டில் 0, முழுக்க மிதித்தால் 100. பெட்ரோல் அழுத்தம், வேக்குவம் ஹோஸ் கழற்றிய நிலையில், 3 பார். இத்தனையையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். பின்னால் எது மாறியது என்று தேடும்போது இந்தப் பக்கம்தான் கை கொடுக்கும்.

பெட்ரோல் வாடை அடிக்கிறது

இது வந்தால் வேறு எந்தக் குறியையும் பார்க்காதீர்கள். கீயை எடுங்கள், பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். பழைய பம்ப் கார்புரேட்டருக்குத் தந்தது சதுர அங்குலத்துக்கு மூன்று நான்கு பவுண்டு அழுத்தம். இப்போது லைனில் இருப்பது 43 பவுண்டு. முன்பு சொட்டாக இருந்த கசிவு இப்போது பீய்ச்சும், அதுவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே. இந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம்.

பெரும்பாலும் ஹோஸ்தான் காரணம். கார்புரேட்டர் காலத்து ரப்பர் ஹோஸை எங்காவது ஒரு ஜாயின்ட்டில் விட்டுவைத்திருப்போம். ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் மட்டும் போடுங்கள், ஆர்7 கார்புரேட்டருக்கானது. கிளிப் விஷயத்திலும் துளை போட்ட பட்டைக் கிளிப் ஹோஸை அறுக்கும். உள்பக்கம் வழவழவென்றிருக்கும் இன்ஜெக்ஷன் கிளிப் வாங்குங்கள். ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர் கை எட்டும் தூரத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

கீ போட்டால் பம்ப் சத்தம் இல்லை

கீ போட்டதும் பம்ப் இரண்டு விநாடி ஓடி நிற்க வேண்டும். இன்ஜின் சுற்றாதபோது அது தொடர்ந்து ஓடக் கூடாது. விபத்தில் லைன் அறுந்தால் டேங்க் முழுக்க ரோட்டில் கொட்டிவிடும் என்பதால் இசியு அதை நிறுத்துகிறது. சத்தமே வரவில்லை என்றால் ஃபியூஸ், அப்புறம் ரிலே, அப்புறம் பம்பின் எர்த், இந்த வரிசையில் பாருங்கள். ரிலே டிக் என்கிறது, பம்ப் ஓடவில்லை என்றால் பம்பின் பிளக்கிலேயே வோல்ட் அளக்கவும். டிக்கிக்குள் மெல்லிய ஒயரை இழுத்திருந்தால் அங்கே 12-க்குப் பதில் 9 வோல்ட்தான் வந்திருக்கும்.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் லேப்டாப்பில் ஆர்பிஎம் வருகிறதா என்று பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 150 முதல் 250 வரை நிலையாகக் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் இசியுவுக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியவில்லை. அதனால் ஸ்பார்க்கும் தராது, பெட்ரோலும் விடாது. கிராங்க் சென்சார் இடைவெளி 1 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கும், அல்லது பிளக்கில் பின் பின்னால் தள்ளிப்போயிருக்கும். ஆர்பிஎம் வந்து வந்து போனால், காயில் வகைச் சென்சாராக இருக்கும் பட்சத்தில் அதன் இரண்டு ஒயரை இடம் மாற்றிப் பாருங்கள். இந்த வகைச் சென்சாருக்குத் திசை உண்டு. தலைகீழாக மாட்டினால் விட்ட பல்லை இசியு சரியான இடத்தில் எண்ணாது.

ஆர்பிஎம் சரி, பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்கும் இருக்கிறது, ஆனால் த்ராட்டில் பாடி வழியாக "டப்" என்று வெடிக்கிறது என்றால் காயில் ஒயர்கள் ஜோடி மாறியிருக்கும். இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை, 1-3-4-2. இரட்டைக் காயிலில் 1-உம் 4-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் ஒரு ஜோடி. ஜோடி சரி என்றால் டைமிங் லைட்டை எடுங்கள். ஸ்பீடுயினோவில் டைமிங்கை 10 டிகிரியில் நிறுத்திவைக்கும் வசதி உண்டு. அப்படி நிறுத்தி, புல்லியிலும் அதே 10 டிகிரியில் குறி விழுகிறதா என்று பாருங்கள். திரையில் 10, புல்லியில் 22 என்றால் விட்ட பல் எங்கே இருக்கிறது என்று இசியுவுக்குச் சொல்லும் ட்ரிக்கர் ஆங்கிளை 12 டிகிரி திருத்த வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். திரையில் சொல்வது ஒன்றும் இன்ஜினில் நடப்பது வேறொன்றுமாக இருந்தால் பிஸ்டன் போய்விடும்.

இன்னொரு வகை உண்டு. செல்ஃப் சுற்றும் வரை ஒன்றுமே இல்லை, கீயிலிருந்து கையை எடுக்கும் அந்த நொடியில் மட்டும் ஒரு தடவை பற்றப்பார்க்கிறது. இது இசியுவுக்குக் கரண்ட் எடுத்த இடத்தின் தப்பு. கீயை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது ரேடியோ லைன் அணைந்துவிடும். அந்த லைனில் இசியுவை மாட்டியிருந்தால் செல்ஃப் சுற்றும் நேரம் முழுக்க இசியு தூங்குகிறது. இக்னிஷன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் உயிரோடு இருக்கும் லைனைக் கண்டுபிடித்து, அதில் ஒரு ரிலேயை இயக்கி, அந்த ரிலே வழியாகப் பேட்டரியிலிருந்து நேராக இசியுவுக்குக் கொடுங்கள்.

அப்புறம் எர்த். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை வாங்கியது இதுதான்.

வண்டி ஒரு நாள் ஸ்டார்ட் ஆகும், மறுநாள் ஆகாது. செல்ஃப் சுற்றும்போது தண்ணீர் வெப்பம் திரையில் 30-லிருந்து 12-க்குக் குதிக்கும். நான் ஸ்டார்ட்டிங் பெட்ரோலைக் கூட்டினேன், குறைத்தேன், மறுபடி கூட்டினேன். பக்கத்துப் பட்டறையில் முப்பது வருஷம் அம்பாசடர் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வந்து சும்மா நின்று பார்த்தார். லேப்டாப் அவருக்குப் பழக்கமில்லை. "தம்பி, அந்தப் பொட்டிய மூடி வைங்க. செல்ஃப் அடிச்சுட்டு, இந்த எர்த் பட்டையத் தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். சூடான தோசைக்கல் ஓரம் போல் இருந்தது.

"ஏனுங்கண்ணா இப்படிக் கொதிக்குது?"

"கரண்டு போக வழியில்லீங்க தம்பி. அங்கியே நின்னு கொதிக்குது."

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடித்தோம். 0.9 வோல்ட். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் அந்தப் பின்னல் பட்டை ஒன்றுதான் பாதை. பாடியில் அது முடியும் இடத்தில், போன வருஷம் அடித்த பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருந்தேன். பட்டையின் கண்ணிக்கடியில் பச்சைப் பூஞ்சை போல் செம்புத் துரு. செல்ஃபின் கரண்ட் வேறு வழி தேடி, ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியாகவும் இசியுவின் மெல்லிய எர்த் ஒயர் வழியாகவும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் வெப்ப எண் குதித்தது. எமரி ஷீட்டால் வெள்ளைத் தகரம் தெரியும் வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினோம். மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட். மேப்பில் நான் மாற்றிய அத்தனையையும் பழையபடி திருப்பினேன். அன்றிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் வண்டியிலும் இதே போல் அளந்து 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள். இசியு, சென்சார் எர்த் எல்லாம் பிளாக்கில் ஒரே இடத்தில் சேர வேண்டும். லூகாஸ் டைனமோ காலத்துப் பழைய வண்டி என்றால், பாடியில் மாட்டியிருப்பது பேட்டரியின் பாசிட்டிவா நெகட்டிவா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் இசியுவை மாட்டினால் அந்த நொடியே கருகிவிடும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கரும்புகை, ப்ளக் நனைகிறது

தண்ணீர் வெப்பச் சென்சாரின் ஒயர் விட்டுப்போயிருந்தால் இசியு இன்ஜின் உறைபனியில் இருப்பதாக எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். திரையில் மைனஸ் 40 காட்டினால் இதுதான். பாஷ் வகைச் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம் காட்டும். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து வீட்டிலேயே சோதிக்கலாம்.

சென்சார் சரி என்றால் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றி உள்ளே முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. மேனிஃபோல்டுக்குள் நேராகப் பெட்ரோல் போய்க்கொண்டிருக்கிறது. ஈரம் இல்லை, அழுத்தம் மட்டும் 3 பாரைத் தாண்டி ஏறுகிறது என்றால் ரிட்டர்ன் லைன் அடைத்திருக்கிறது அல்லது அளவில் சின்னது.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது

800, 1200, 800, 1200 என்று மூச்சு வாங்குவது போல் ஓடினால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். நல்ல நிலையில் உள்ள இந்த இன்ஜின் ஐடிலிங்கில் மேப் சென்சாரில் 35 முதல் 45 கிலோபாஸ்கல் வரை காட்டும். 55, 60 என்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது, அல்லது வால்வு சரியாக உட்காரவில்லை.

கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேல் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வேக்குவம் ஹோஸாக மூக்குப் பிளையரால் நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது சத்தம் மாறுகிறதோ அதுதான். என் வண்டியில் கசிந்தது நான் கடைந்துவாங்கிய அலுமினியத் துண்டின் முகம். லேத்திலிருந்து வந்தபோது சமமாகத்தான் இருந்தது. போல்ட்டை இறுக்கி, சூடேறி, ஒரு பக்கம் வளைந்துவிட்டது. கண்ணாடித் தகட்டின் மேல் எமரி ஷீட்டை விரித்து எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்தினேன்.

இன்னொன்று, மேப் சென்சார் ஹோஸுக்கு மேனிஃபோல்டில் தனித் துளை வேண்டும். பிரேக் பூஸ்டரோடு அதைப் பங்கு போட்டால் ஒவ்வொரு தடவை பிரேக் மிதிக்கும்போதும் கலவை மாறும்.

ஆக்ஸிலேட்டரைத் தட்டினால் திக்குகிறது

மெதுவாக மிதித்தால் ஏறுகிறது, சட்டென்று மிதித்தால் ஒரு நொடி செத்து அப்புறம் பாய்கிறது. எஸ்யு கார்புரேட்டரில் டாஷ்பாட்டில் எண்ணெய் ஊற்றுவோமே, அது செய்த வேலையை இப்போது மென்பொருளில் நாம் செய்ய வேண்டும். அந்த எண்ணெய் பிஸ்டனைச் சட்டென்று எழ விடாமல் பிடித்து, அந்த நொடிக்குக் கலவையைக் கெட்டியாக்கியது. இங்கே த்ராட்டில் திறக்கும் வேகத்தைப் பார்த்து இசியு கூடுதல் பெட்ரோல் விடுகிறது. இன்ஜெக்டர் வால்விலிருந்து தள்ளி இருக்கும் நம் அமைப்பில் மேனிஃபோல்டின் சுவர் நனைய வேண்டியிருப்பதால் அது தாராளமாகவே வேண்டும்.

ஆனால் அதைக் கூட்டும் முன் த்ராட்டில் சென்சாரைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை மாட்டி மிக மெதுவாகத் திறந்தால் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட்டை நோக்கி வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் விழுந்து எழுந்தால் உள்ளே தடம் தேய்ந்துவிட்டது. பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய த்ராட்டில் பாடிகளில் கால் பங்கு திறப்பில்தான் இப்படித் தேய்ந்திருக்கும். நகரத்துக்குள் ஓட்டிய காலெல்லாம் அங்கேதான் நின்றிருக்கும்.

3000 ஆர்பிஎம்முக்கு மேல் வெட்டி வெட்டி ஓடுகிறது

பெட்ரோல் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். லேப்டாப்பில் லாக் (ஓடும்போது எண்களின் பதிவு) எடுத்துப் பாருங்கள். ஆர்பிஎம் கோடு 3100, 5600, 0, 3200 என்று பல் பல்லாகக் குதித்தால் அது பெட்ரோல் கோளாறே இல்லை. கிராங்க் சென்சார் ஒயரில் ஸ்பார்க்கின் இரைச்சல் ஏறுகிறது. ஸ்பீடுயினோவில் சிங்க் லாஸ் என்று ஒரு எண்ணிக்கை ஓடும், பல் கணக்கை இசியு எத்தனை தடவை தவறவிட்டது என்று. நல்ல வண்டியில் அது பூஜ்யத்தில் நிற்கும்.

ப்ளக் ரெசிஸ்டர் வகையாக இருக்க வேண்டும். என்ஜிகேயில் பிபி6இஎஸ் சாதாரணம், பிபிஆர்6இஎஸ் ரெசிஸ்டர் உள்ளது. அம்பாசடருக்குக் கடையில் கேட்டால் பழக்கத்தில் முதலாவதைத்தான் எடுத்துத் தருவார்கள். செம்புக் கம்பி ப்ளக் ஒயரையும் மாற்றுங்கள். சென்சார் ஒயர் ஷீல்டு உறை உள்ளதாக இருக்கட்டும், அந்த உறையை இசியு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் செய்தால் அதுவே ஏரியல் போல வேலை செய்யும். காயிலுக்குப் போகும் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் போகவில்லை என்றால் சென்சார் மாட்டிய தகட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். மெல்லிய தகடு அந்த வேகத்தில் அதிரும், இடைவெளி மாறும். 5 மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் நிற்கும்.

2, 3 ப்ளக் கறுப்பு, 1, 4 ப்ளக் வெளுப்பு

இந்த இன்ஜினுக்கே உரிய குறி இது. ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்டேக் துளைகள்தான்: 1-உம் 2-உம் ஒன்றைப் பங்கு போடுகின்றன, 3-உம் 4-உம் மற்றொன்றை. ஃபயரிங் ஆர்டரைத் தொடர்ந்து எழுதிப் பாருங்கள்: 1, 3, 4, 2, 1, 3, 4, 2. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் இழுத்த கையோடு அடுத்தவர் இழுக்கிறார், அப்புறம் நீண்ட இடைவெளி. 2 இழுத்ததும் 1. 3 இழுத்ததும் 4. அந்த நீண்ட இடைவெளியில் துளைக்குள் தேங்கும் பெட்ரோலை முதலில் இழுக்கும் 2-உம் 3-உம் அள்ளிக்கொள்கின்றன. பின்னால் வரும் 1-உம் 4-உம் பட்டினி. எக்ஸாஸ்ட் சென்சார் எல்லாவற்றையும் கலந்து பார்ப்பதால் திரையில் கலவை அழகாகவே இருக்கும். ப்ளக்கைக் கழற்றினால்தான் உண்மை தெரியும். வெளுத்த சிலிண்டரில் வெப்பம் ஏறி வால்வு எரியும்.

துளை வாயில் இன்ஜெக்டர் வைத்தவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். அதற்குத் தீர்வு, எந்தச் சிலிண்டர் இழுக்கிறது என்று காட்டும் கேம் சென்சார் வைத்து, ஒவ்வொரு சிலிண்டரும் இழுக்கும் நேரத்துக்குச் சரியாகத் தனித்தனியாகப் பெட்ரோல் விடுவது. செய்ய முடியும், ஆனால் நேரக் கணக்கு மிகக் குறுகியது. நான் கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே இன்ஜெக்டரை வைத்ததற்குக் காரணம் இதுதான். காற்றும் பெட்ரோலும் மேனிஃபோல்டில் கலந்த பிறகே துளைக்குப் போகின்றன. கார்புரேட்டர் எவ்வளவு சமமாகப் பங்கிட்டதோ அவ்வளவு சமம் கிடைக்கிறது. முதன்முறையாக இந்த இன்ஜினை மாற்றுபவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன்.

வெயிலில் நிறுத்தி எடுத்தால் ஒரு நிமிஷம் தடுமாறுகிறது

ஏப்ரல் மாதம், பெருந்துறை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். இருபது நிமிஷம். வந்து ஸ்டார்ட் செய்தால் ஆனது, ஆனால் குலுங்கிக் குலுங்கி, மிதித்தால் அணையப் போனது. ஒரு கிலோமீட்டர் போனதும் சரியாகிவிட்டது. லாக்கில் காற்று வெப்பம் 72 டிகிரி என்று இருந்தது. வெளியே 39.

இன்ஜின் நின்ற பிறகு எக்ஸாஸ்ட்டின் சூடு மேலே ஏறி, த்ராட்டில் பக்கத்தில் இருந்த காற்றுச் சென்சாரை வறுத்திருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் உள்ளே போகும் காற்று உண்மையில் 45 டிகிரிகூட இருக்காது. ஆனால் சென்சார் 72 என்று சொல்வதால் காற்று லேசானது என்று கணக்கிட்டு இசியு எட்டு சதவீதம் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. சென்சாரை ஏர் ஃபில்டர் பக்கம், சூடு எட்டாத இடத்துக்கு மாற்றினேன். மேனிஃபோல்டுக்கும் அலுமினியத் துண்டுக்கும் நடுவில் ஒரு பேக்கலைட் தகடு, எக்ஸாஸ்ட்டுக்கு மேல் ஒரு தகரத் தடுப்பு. அதோடு போனது.

இதே குறி, ஆனால் ஸ்டார்ட் ஆவதற்கே நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருக்கிறது, ஆனதும் கரும்புகை என்றால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. நிறுத்திய பிறகு அழுத்த மானியைப் பாருங்கள். சில நிமிஷங்களில் முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் இன்ஜெக்டரோ பம்பின் செக் வால்வோ பிடிக்கவில்லை. நீண்ட ஓட்டத்தில் பம்ப் சத்தம் கிறீச்சென்று மாறினால், டேங்க்குக்குச் சூடான பெட்ரோல் திரும்பித் திரும்பி வந்து பம்புக்கு முன்னாலேயே ஆவியாகிறது. பம்பை டேங்க்கின் அடிமட்டத்துக்குக் கீழே இறக்குங்கள்.

வளைவிலும் மேட்டிலும் அணைகிறது

டேங்க் கால் பங்குக்குக் கீழே இருக்கும்போது மட்டும் என்றால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் கொஞ்சம் கையிருப்பு இருந்ததால் இது முன்பு தெரியவில்லை. ஒரு லிட்டர் கொள்ளும் சின்னச் சேமிப்புக் குடுவை வைத்தால் தீரும். டேங்க் நிறைய இருந்தும் அணைந்தால் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பழைய டேங்க்கின் துரு அதில் செம்மண் போல் படிந்திருக்கும்.

இரவில் ஹெட்லைட் போட்டால் சிக்னலில் இன்ஜின் தளர்கிறது

டைனமோவை இன்னும் மாற்றவில்லை என்று அர்த்தம். லூகாஸ் சி40 தருவது அதிகபட்சம் 22 ஆம்பியர், ஐடிலிங்கில் அதுவும் இல்லை. பம்ப், காயில், இன்ஜெக்டர், ஹெட்லைட் எல்லாம் பேட்டரியைத் தின்கின்றன. வோல்ட் குறையும்போது இன்ஜெக்டர் திறக்கவே கூடுதல் நேரம் எடுக்கும், அதனால் கலவை மெலியும். ஆல்டர்னேட்டர் போடுங்கள், வேறு வழியில்லை.

ஓடுகிறது, ஆனால் மைலேஜ் இல்லை

ரேடியேட்டர் மூடி பக்கம் போகும் முன் ஒரு கேள்வி: தெர்மோஸ்டாட் இருக்கிறதா? நம் ஊர் அம்பாசடர்களில் சூடேறாமல் இருக்கட்டும் என்று அதைக் கழற்றி எறிவது வழக்கம். கார்புரேட்டரில் சோக்கை உள்ளே தள்ளிவிட்டால் அதோடு முடிந்தது. இசியு தண்ணீர் வெப்பத்தைப் பார்த்தே சோக்கை எடுக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத என் வண்டி நெடுஞ்சாலையில் 58 டிகிரியைத் தாண்டவில்லை; பயணம் முழுக்க பாதிச் சோக்கில் ஓடியிருக்கிறது. 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டதும் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடியது.

அடுத்தது வைட்பேண்ட் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிவு. வெளிக்காற்று உள்ளே நுழைவதால் கலவை மெல்லியதாகத் தெரியும், இசியு தேவையில்லாமல் பெட்ரோல் கூட்டும். மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மிஸ்ஸிங் இருந்தாலும் இப்படித்தான் காட்டும், ஏனென்றால் எரியாத சிலிண்டரின் ஆக்ஸிஜனும் சென்சாருக்கே வருகிறது.

கடைசியாக எத்தனால். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்குச் சுமார் 13.5 போதும். பழைய கணக்கில் போட்ட மேப்பில் எட்டு சதவீதம் அளவுக்குக் கலவை மெலிந்து ஓடும். திரையில் விகிதத்துக்குப் பதில் லாம்டாவை (இருக்கும் காற்று, முழுதாக எரியத் தேவையான காற்றைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்ரோலுக்கும் சமநிலை 1.00-தான், குழப்பம் வராது. வேறு பெட்ரோல் பங்க்கில் டேங்க் நிரப்பினால் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சீரான வேகத்தில் இசியு செய்யும் திருத்தம் எவ்வளவு என்று பாருங்கள். 4 சதவீதத்துக்குள் இருந்தால் லேப்டாப்பை மூடிவிடலாம். அதைத் தாண்டினால் நோட்டில் உள்ள அந்த முதல் பக்கத்து எண்களை மறுபடி ஒரு தடவை அளந்து, எல்லாம் அப்படியே இருக்கின்றன என்று உறுதியான பிறகு மேப்பைத் திறந்து மாற்றுங்கள். பழைய கோப்பை அழிக்காமல் தேதி போட்டு வேறு பெயரில் சேமியுங்கள்.